சுற்றுக்கு ஒரு சொல்

விஞ்ஞானம் சோதனைச்சாலையில் வளர்கிறது என்று படித்தவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். அது தவறு. அங்கே அது பிறக்க மட்டுமே செய்கிறது. பிறந்த கையோடு நாலு பேருக்குக் காட்டும்படியாக எதுவும் இருப்பதில்லை. அதைக் குளிப்பாட்டி, நகம் நறுக்கி, முடி திருத்தி, ஊரே தூக்கிக் கொஞ்சும் உருவத்துக்குக் கொண்டுவரும் மகத்தான பணி பராகுவே ஆற்றங்கரையில், வில்லா கந்தெலாரியா ஊரில், 'ஆற்றின் குரல்' நாளிதழின் பின்முற்றத்து மாமரத்தடியில் தினமும் காலையில் நடைபெறுகிறது. நறுக்கும்போது சில சமயம் காதும் சேர்ந்து போய்விடுவதுண்டு. அது பணியின் வேகத்தால் நேர்வது. அதைப் பெரிதுபடுத்துவது நாகரிகமாகாது.

அந்த நாளிதழின் ஆசிரியரும் உரிமையாளருமான ஊரார் மரியாதையோடு 'தோன்' என்று அழைக்கும் அனஸ்தாசியோ சமுதியோ, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சமுதியோக்களுக்கு முதுகு வளைவதில்லை. ஒவ்வொரு நாளும் அலுவலகத்துக்குள் நுழையுமுன் அவர் தம் கைக்குட்டையால் வாசலில் உள்ள பித்தளைப் பலகையைத் துடைப்பார். அவருடைய பாட்டனார் தோன் பொலிகார்போ எழுதிவைத்த வாசகம் அதில் பொறிக்கப்பட்டிருந்தது: "நிறுவப்பட்ட நாள் முதல் ஒரு திருத்தம்கூட வெளியிடாத நாளிதழ்."

கவனிக்க வேண்டும். தவறே செய்யாத நாளிதழ் என்று அந்தப் பெரியவர் எழுதவில்லை. அவ்வளவு தற்பெருமை அந்தக் குடும்பத்தில் கிடையாது. ஒருமுறை, கட்டப்படாத பாலம் ஒன்று திறந்துவைக்கப்பட்டதாகச் செய்தி வந்துவிட்டது. வேறு பத்திரிகையாக இருந்தால் மறுநாளே மன்னிப்புக் கேட்டு மானத்தை விற்றிருக்கும். தோன் பொலிகார்போ அமைச்சர்களின் வாசலில் பதினோரு ஆண்டுகள் நின்று அந்தப் பாலத்தைக் கட்டவைத்தார். செய்தி சரியாகத்தான் இருந்தது, பாலம்தான் தாமதம்.

மாமரத்தடி வழக்கமும் அவர் ஏற்படுத்தியதே. காலையில் தெரெரே சுற்றிவரும். பனிக்கட்டித் தண்ணீர் ஊற்றிய மூலிகைத் தேநீர், ஒரே மாட்டுக்கொம்புக் குவளை, ஒரே உறிஞ்சுகுழல், வட்டமாக நாற்காலிகள். கொம்பு யார் கைக்கு வருகிறதோ அவர் குடிக்குமுன் அன்றைய முக்கியச் செய்தியிலிருந்து ஒரு சொல்லை வெட்ட வேண்டும். வாக்கியம் ஒரு பத்தியின் அகலத்துக்கு வந்துவிட்டால் அதுவே தலைப்பு. வெட்டிய இடத்தை ஒட்டுப்போடும் உரிமை ஆசிரியருக்கு உண்டு. கடைசிச் சொல் சமுதியோ குடும்பத்துக்கு உரியது. அதை வேறு எவரும் தொடக்கூடாது. அந்த நாட்டில் எங்கும் உள்ளதுபோல, கொம்பைத் திருப்பிக் கொடுத்து 'நன்றி' சொன்னவருக்கு அப்புறம் கொம்பு வராது. கொம்பு வராதவருக்கு வெட்டும் உரிமையும் கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை தோன் அனஸ்தாசியோவின் தங்கை மகன் டெர்லிஸ், தலைநகர் அசுன்சியோனின் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வந்த அறிக்கையைக் கொண்டுவந்தான். நாளிதழின் 'அறிவியல் பிரிவு' அவன்தான். குதிரைப் பந்தயப் பிரிவும் அவனே. நின்றுகொண்டு வாசித்தான்:

"காமிரி இலைச் சாறு மிகுந்த அளவில் புகட்டப்பட்ட இளம் ஆண் எலிகளுக்கு, நடந்த வழி பற்றிய நினைவாற்றல் சிறிதளவு கூடும் என்று முதற்கட்டச் சோதனை காட்டுகிறது, மனிதர்களுக்கு இது பொருந்துமா என்பது தெரியாது."

காமிரி ஊரறிந்த செடி. ஆற்றோரம் முளைப்பது. தெரெரேயில் மணத்துக்குப் போடுவார்கள்.

"மூச்சு வாங்குது. இவ்வளவு நீளத்துக்கு ரயில்தான் விடலாம்," என்று முதல் கொம்பை வாங்கினார் அச்சு இயந்திரக்காரர் பெனிக்னோ. "முதற்கட்டத்தை வெட்டு. முதல் கட்டம்னு போட்டா ரெண்டாங் கட்டம் எங்கேன்னு கேப்பாங்க."

அடுத்து சுனில்டா. விளம்பரப் பிரிவின் தலைவி, ஆசிரியரின் சித்தப்பா மகள். "எலி வேண்டாம்ணா. அதே பக்கத்துல கீழே மரவள்ளி ரொட்டிக் கடை விளம்பரம் போகுது. ரொட்டிக்கு மேல எலி ஓடினா அவர் என் மூஞ்சியிலே முழிப்பாரா?"

எலி போயிற்று. 'இளம் ஆண்களுக்கு' என்று ஒட்டுப்போடப்பட்டது. பெனிக்னோவுக்குச் சுருக்கென்றது.

"அப்போ என்னை மாதிரிக் கிழவன் மறந்தே சாகணுமா? இளமும் போகட்டும், ஆணும் போகட்டும்."

"ஒரு சுத்துக்கு ஒண்ணுதான் பெனிக்னோ!" என்றாள் சுனில்டா.

"ரெண்டு மடக்காக் குடிக்கிறேன், போதுமா?"

டெர்லிஸ் 'சிறிதளவு' என்பதை அடித்தான். "சின்னதா ஒண்ணு நடந்துச்சுன்னு சொன்னா யார் மாமா காசு குடுத்துப் பேப்பர் வாங்குவா?"

இப்படியே கொம்பு சுற்றியது. கடைசியில் எஞ்சிய 'தெரியாது' என்ற சொல்லைத் தோன் அனஸ்தாசியோ வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் சிவந்தது.

"தெரியாது! இந்த வீட்டுப் படியேறி வந்து ஒருத்தர் இப்படிச் சொல்றதாவது!" என்று தம் கையாலேயே அதை அடித்தார்.

மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது: "காமிரி இலை: நினைவாற்றல் கூடும்!"

விஞ்ஞானம் மக்களைச் சென்றடைந்தது. எவ்வளவு வேகமாகச் சென்றடைந்தது என்றால், மத்தியானத்துக்குள் சந்தையில் காமிரி ஒரு கட்டுகூட மிச்சமில்லை. மூலிகைக்காரி கசில்டா அம்மாள், ஊர் வாயில் ஞா கசில்டா, உரலில் இடிக்க ஆள் வைத்துக்கொண்டாள். ஊரே குடித்தது. ஊருக்கே ஞாபகம் திரும்பியது.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

ஞாபகம் வந்தவர்களுக்கு அகராதியும் வாய்ப்பாடும் ஞாபகம் வரவில்லை. வாய்த்தகராறுதான் வந்தது. நகரத் தலைவருக்குச் சாக்கடை வாக்குறுதி நினைவூட்டப்பட்டது. அவர் ஓய்வெடுக்கக் கிராமத்துக்குப் போனார். திருமண வெள்ளி விழா ஒன்றில், அந்தக் காலத்தில் மணப்பெண் முதலில் யாரோடு ஆடினாள் என்பது மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது. இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியதே. ஆனால் சனிக்கிழமை காலை, செருப்புத் தைக்கும் சிந்துல்ஃபோ நாளிதழ் அலுவலகத்துக்குள் தட்டுத்தடுமாறி நுழைந்தார்.

"தோன், கேரட் தின்னா கண்ணாடியே வேண்டாம்னு போட்டீங்களே, ஞாபகமிருக்கா? அதை நம்பி என் கண்ணாடியை ஆத்துல வீசினேன். அதுக்கப்புறம் எத்தனையோ பேருக்கு எடக்கால் செருப்பை வலக்காலுக்குத் தச்சுக் குடுத்துட்டேன். ஏன் இப்படி ஆச்சுன்னு மறந்தே போயிருந்தேன். இன்னிக்குக் காமிரி குடிச்சேன், பளிச்சுன்னு வந்துடுச்சு."

"அப்போ காமிரி வேலை செய்யுது. செய்தி சரி," என்றார் தோன் அனஸ்தாசியோ கம்பீரமாக.

"சரிதான். கண்ணாடி எங்கே?"

அவருக்குப் பின்னால் ஒரு கோழிப்பண்ணைக்காரி நின்றாள். "முட்டை தின்னா மாரடைப்புன்னு போட்டீங்க, என் கோழி எல்லாத்தையும் வித்தேன். அடுத்த மாசமே முட்டை தின்னாட்டி மாரடைப்புன்னு போட்டீங்க. அதுக்குள்ள கோழியை வாங்கினவன் கார் வாங்கிட்டான்." அவளுக்குப் பின்னால் வரிசை தெரு வரைக்கும் நீண்டது. ஒருவர் கையில், நாளிதழ் சொன்னபடி தினமும் நெற்றியில் ஒட்டவேண்டிய உருளைக்கிழங்கு இருந்தது.

தோன் அனஸ்தாசியோ அன்று பகல் தூங்கவில்லை. அந்த ஊரில் பகல்தூக்கத்தை விட்டவர் ஒன்று காதலில் இருக்க வேண்டும், அல்லது கௌரவ ஆபத்தில் இருக்க வேண்டும். அவருக்கு வந்தது இரண்டாவது. அடுத்த மாதம் நாட்டின் நாளிதழ்க் கழகம் அவருக்குத் 'தங்க இறகு' வழங்குவதாக இருந்தது. அறிவியலை மக்களிடம் சேர்த்ததற்காக. திருத்தம் வெளியிட்ட பத்திரிகைக்கு அது கிடையாது. காமிரியால் ஞாபகம் வராது என்று எழுதினால் அது திருத்தம். பலகை இறங்கிவிடும், பாட்டனார் கல்லறையில் புரளுவார். எழுதாவிட்டால் ஊருக்கு ஞாபகம் வந்துகொண்டே இருக்கும். ஞாபகம் உள்ள வாசகர்களை வைத்துக்கொண்டு நாளிதழ் நடத்திய பரம்பரை அல்ல அவருடையது.

"என்ன மாமா பண்றது?" என்றான் டெர்லிஸ்.

"நிமிர்ந்து உட்காரு," என்றார் அவர். வேறொன்றும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலைப் பேருந்தில் ஓர் அம்மாள் வந்து இறங்கி நேரே மாமரத்தடிக்கு வந்தாள். அந்த ஆய்வைச் செய்த டாக்டர் எதெல்வீனா பர்பொஸா. குட்டையான உருவம், தூங்காத கண்கள், கையில் ஓர் உறை.

"என் எலிகளை என்ன பண்ணினீங்க தோன்?"

"உக்காருங்க டாக்டர். எலிகளுக்கு எங்க வீட்ல எந்தக் குறையும் நடக்கல."

"எலியே இல்லையே, அதான் குறை! என் வாக்கியத்துல எலி இருந்துச்சு. 'தெரியாது'ன்னு ஒண்ணு இருந்துச்சு. அந்தத் 'தெரியாது'க்காக ரெண்டு வருஷம் உழைச்சிருக்கேன். உங்களுக்கென்ன, ஒரு கோடு. மாணவர்கள் எனக்கு ஞாபக ராணின்னு பேர் வச்சிருக்காங்க. நேத்து ஒருத்தர் தொலைபேசியில அழறார், அவங்க அம்மாவுக்குக் காமிரி குடுத்துக்கிட்டே இருக்கேன், இன்னும் என்னைத் தெரியலையேன்னு. நான் அவருக்கு என்ன பதில் சொல்றது?"

டெர்லிஸ் அவசரமாகக் கொம்பில் தண்ணீர் ஊற்றினான். பனிக்கட்டி கலகலத்தது.

"பொய் சொன்னவள்னு என்னைத்தான் சொல்றாங்க," என்றாள் அவள். "பல்கலைக்கழகம் அடுத்த ஆய்வுக்குக் கையெழுத்துப் போடமாட்டேங்குது. திருத்தம் போடுங்க. நானே எழுதிக் கொண்டுவந்திருக்கேன்."

"திருத்தம் என்ற வார்த்தையை இங்கே வச்சுச் சொல்லாதீங்கம்மா," என்றார் தோன் அனஸ்தாசியோ மெதுவாக. "ஆனா விஞ்ஞானத்துக்கு இந்த வீட்டுக் கதவு மூடினதில்லை. உங்க கடிதம் செய்தியாவே வரும், முதல் பக்கத்துல. எங்க முறைப்படி. நீங்களும் வட்டத்துல உக்காரலாம்."

டெர்லிஸ் கடிதத்தை வாசித்தான். டாக்டர் எதெல்வீனா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. ஒரு பொய்யை மறுத்தால், அதன் எதிர்ப்பக்கத்துப் பொய்யையும் சேர்த்து மறுத்துவிட வேண்டும் என்பது விஞ்ஞானிகளின் குலவழக்கம்:

"காமிரி இலை மனிதர்களின் நினைவாற்றலைக் கூட்டும் என்பதற்கு எங்கள் ஆய்வில் ஆதாரம் இல்லை, அதனால் நினைவாற்றல் போய்விடும் என்றும் யாரும் அஞ்ச வேண்டாம்."

விருந்தாளி என்பதால் முதல் கொம்பு அவளுக்கு. வெயிலில் நடந்து வந்தவள். ஒரே மூச்சில் உறிஞ்சினாள்.

"குடிச்சாச்சுல்ல, ஒரு சொல்லை வெட்டுங்க டாக்டர்," என்றாள் சுனில்டா அன்போடு.

"என்னது?"

"ஒண்ணே ஒண்ணு. எது வேண்டாமோ அது."

"இதுல வேண்டாத சொல்லே கிடையாது. ஒவ்வொண்ணையும் எடைபோட்டு வச்சிருக்கேன். நான் எதையும் வெட்டமாட்டேன்." கொம்பைத் திருப்பிக் கொடுத்தாள். "நன்றி."

வட்டத்தில் எல்லோரும் மரியாதையாகத் தலையசைத்தார்கள். அவள் நாற்காலி அங்கேயே இருந்தது. ஆனால் சுற்றில் இனி அவள் இல்லை.

"ஆய்வை எடுத்துடலாம்," என்றார் பெனிக்னோ. "பழைய ஆய்வு ஊர்ல கெட்டபேர் வாங்கியிருக்கு."

"ஆதாரம்," என்றாள் சுனில்டா. "கேட்டாலே நீதிமன்ற ஞாபகம் வருதுண்ணா."

"நில்லுங்க! அது ரெண்டும் போனா—"

"நன்றி சொல்லிட்டீங்களே டாக்டர்," என்றான் டெர்லிஸ் பரிதாபமாக. அவன் 'கூட்டும்' என்பதை வெட்டினான். அந்தச் சொல்லால்தானே இவ்வளவு வம்பும். பெனிக்னோ 'மனிதர்களின்' என்பதை வெட்டினார். பத்திரிகையை வேறு யார் படிக்கப்போகிறார்கள்? 'யாரும்' போயிற்று. 'அஞ்ச' போயிற்று, ஆற்றங்கரை ஆண்கள் அஞ்சுவதில்லை. டாக்டர் எதெல்வீனா எழுந்து நின்று கைகளை ஆட்டிக்கொண்டிருந்தாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தக் காற்று இதமாக இருந்தது.

கடைசியில் 'வேண்டாம்' மட்டும் வால்போல் தொங்கியது.

"அதையாவது விடுங்க தோன்," என்றாள் அவள். "அந்த ஒத்தச் சொல்லுலதான் என் பேர் இருக்கு."

தோன் அனஸ்தாசியோ அவளை இரக்கத்தோடு பார்த்தார். கல்நெஞ்சர் அல்லர் அவர். ஆனால் கடைசிச் சொல் குடும்பத்துக்கு உரியது. குடும்பத்தின் பெயர் வாசலில் பித்தளையில் இருந்தது. பேனாவை எடுத்தார்.

மறுநாள் வந்தது: "காமிரி இலை: நினைவாற்றல் போய்விடும்!" கீழே சிறிய எழுத்தில்: "விஞ்ஞானிகள் மீண்டும் பல்டி."

திருத்தம் அல்ல. புதிய கண்டுபிடிப்பு. முதல் செய்தி அன்றைக்குச் சரி, இரண்டாவது இன்றைக்குச் சரி. நடுவில் மாறியது விஞ்ஞானம். சிந்துல்ஃபோவுக்குக் கண்ணாடி மறந்தது. கோழிக்காரிக்குக் கோழி மறந்தது. நகரத் தலைவர் கிராமத்திலிருந்து திரும்பி வந்தார். ஞா கசில்டாவின் வியாபாரம் மட்டும் ஒருநாள்கூடப் படுக்கவில்லை.

"ஞாபகத்துக்கா, மறக்கிறதுக்கா?" என்று கேட்பாள்.

"என் மாப்பிள்ளையை மறக்கணும்."

"அப்போ இடக்கையால குடி." அதே கட்டுதான்.

ஊர் முழுவதும் மறந்தது போக ஒன்றே ஒன்று எல்லோர் மனத்திலும் பசுமையாக நின்றது: விஞ்ஞானிகள் நாளுக்கொன்று சொல்கிறவர்கள்.

தங்க இறகு விழா அசுன்சியோனில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. எந்த ஆய்வு மக்களைச் சென்றடைந்ததோ அந்த ஆய்வாளரே இறகை அணிவிக்க வேண்டும் என்பது கழகத்தின் மரபு. துணைவேந்தர் உத்தரவு, டாக்டர் எதெல்வீனா வந்தாள். இறகைக் குத்தும்போது ஒலிவாங்கி பக்கத்திலேயே இருந்தது.

"ஒரு சந்தேகம் தோன்," என்றாள். "என் சோதனைக்கு நாப்பது எலிதான் கிடைச்சது. ஒரு நாள் ஒண்ணைப் புகட்டி, மறுநாள் அதுக்கு நேர்மாறானதைப் புகட்டி, என்ன ஆகுதுன்னு பாக்க அது பத்தாது. உங்ககிட்ட எத்தனை?"

தோன் அனஸ்தாசியோ முதுகை இன்னும் நிமிர்த்தினார். "வார நாள்ல நாலாயிரம். ஞாயித்துக்கிழமை ஆறாயிரம் வாசகர்கள்!"

மண்டபம் அதிரக் கைதட்டியது. அவள் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போனாள்.

இந்தப் பெருமை உடனே டெர்லிஸுக்குத் தொலைபேசியில் சொல்லப்பட்டது. மறுநாள் காலை ஆசிரியர் இல்லாமலே மாமரத்தடி கூடியது. வழக்கம் ஒரு நாளும் நின்றதில்லை. டெர்லிஸ் எழுதியிருந்த வாக்கியம் மாமனுக்குத் தகுந்த நீளத்தில் இருந்தது:

"'ஆற்றின் குரல்' நாளிதழுக்கு ஆறாயிரம் வாசகர்கள், டாக்டர் எதெல்வீனாவுக்கு வெறும் நாற்பது எலிகள்: ஆசிரியர் பெருமிதம்."

"வெறும் வேண்டாம்பா, பாவம் அந்தம்மா," என்றாள் சுனில்டா.

"டாக்டரை எடு. ஊர்ல டாக்டர்னா ஊசி போடுறவர்," என்றார் பெனிக்னோ.

டெர்லிஸ் 'நாற்பது' என்பதை வெட்டினான். ஒரே வரியில் இரண்டு எண் வந்தால் வாசகர் குழம்புவார். 'எதெல்வீனாவுக்கு' பத்தியின் அகலத்தைத் தாண்டியதால் போயிற்று. இன்னும் ஒரு சொல் வெட்ட வேண்டியிருந்தது. சுனில்டா கொம்பை வாங்கினாள்.

"வாசகர்களை எடுத்துடு. அவங்கதானே படிக்கப்போறாங்க, அவங்க யாருன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

இறகோடு தோன் அனஸ்தாசியோ பேருந்து நிலையத்தில் இறங்கியபோது ஊரே அங்கே நின்றது. ஆரவாரம் இல்லை. எல்லோர் கையிலும் அன்றைய நாளிதழ் இருந்தது.

"என்ன தோன், சுகந்தானே?" என்றாள் ஞா கசில்டா. "உங்க ஆறாயிரத்துல ஒண்ணு வந்திருக்கேன். கீச்!"

சிந்துல்ஃபோ பத்திரிகையை மூக்குத்தண்டில் ஒட்டவைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார்: "ஆற்றின் குரல் நாளிதழுக்கு ஆறாயிரம் எலிகள்: ஆசிரியர் பெருமிதம்." பிறகு நிமிர்ந்தார். "இதுக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் போட்டுடுங்க தோன். ரெண்டே வரி. மத்ததையெல்லாம் நாங்க மறந்துட்டோம்."

தோன் அனஸ்தாசியோ நடந்தார். ஊர் பின்னால் வந்தது. அலுவலக வாசலில் பித்தளைப் பலகை வெயிலில் பளபளத்தது. அவர் கைக்குட்டையை எடுத்தார். பலகையைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார். இரண்டில் ஒன்றைக் காப்பாற்றும் நேரம் அது என்பது அவருக்கு விளங்கியது. சமுதியோக்கள் இப்படிப்பட்ட நேரத்தில் தடுமாறியதில்லை.

அவர் பலகையைத் துடைத்தார்.

அந்தத் தலைப்புக்கு இன்றுவரை திருத்தம் வரவில்லை. வரவேண்டிய தேவையும் இல்லை. அந்த நாளிதழ் வெளியிட்ட அறிவியல் செய்திகளிலேயே, முறையாகச் சோதனை செய்து நிரூபித்த பிறகு அச்சேறியது அது ஒன்றுதான்.